சேர்ந்து ஓடலாம், வாருங்கள்!

விடியற்காலை ஐந்தரை மணிக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துப் பக்கம் போயிருக்கிறீர்களா? தைப்பூசத்தன்று தெப்பம் பார்க்கப் போயிருப்பீர்கள், அது வேறு. சாதாரண நாளில் போய்ப் பாருங்கள். மதுரையில் பாதிப் பேர் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறார்களோ என்று தோன்றும். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். நீளம் 1,000 அடி, அகலம் 950 அடி. ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 1,200 மீட்டர். ஓட்டப் பாதைக்கென்றே அளந்து வைத்தாற்போல அமைந்துவிட்டது!

அங்கே வரும் தம்பதிகளைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். கணவர் இருபது அடி முன்னால் கை வீசிப் போவார். மனைவி ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வருவார். வீட்டு வாசலில் சேர்ந்து கிளம்பியதோடு சரி. மறுபடி சேருவது காபி குடிக்கும்போதுதான்.

எங்கள் தெருவிலிருந்து வரும் ஒரு தம்பதி மட்டும் இதற்கு விலக்கு. இருவரும் தோளோடு தோள் சேர்ந்தாற்போல் மெதுவாக ஓடுகிறார்கள். அவர் நெட்டையானவர், நினைத்தால் மனைவியைக் கண நேரத்தில் முந்திவிடலாம். ஆனால் முந்துவதில்லை. ஒரு நாள் அந்த அம்மாளைப் பிடித்து, "ஓடுவது கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டேன்.

"ஓடறது கஷ்டமே இல்லேக்கா. வாசப்படியைத் தாண்டறதுதான் கஷ்டம்!" என்றாள்.

எவ்வளவு உண்மை, பாருங்கள்! அதிகாலை என்பது ஆண்களுக்குச் சும்மா கிடைக்கும் நேரம். நமக்கோ பால் காய வேண்டும், சட்னி அரைக்க வேண்டும், குழந்தைகளின் டிபன் டப்பா நிரம்ப வேண்டும். "நீயும் ஓட வாயேன்" என்று கணவர் வாயளவில் அழைத்துவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டால் போதுமா? அந்த வீட்டில் அவர் முதல் நாள் இரவே காய் நறுக்கி, தேங்காய் துருவி வைத்துவிடுகிறார். அடுப்படியில் அவர் கொடுக்கும் அரை மணிதான் தெருவில் அவளுக்கு அரை மணியாகத் திரும்புகிறது. சேர்ந்து ஓடுவது சமையலறையிலேயே ஆரம்பமாகிவிடுகிறது.

ஓடும்போது என்ன பேசிக்கொள்வார்கள்? வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் பள்ளிக் கட்டணம், வாடகை, மாமியாரின் மாத்திரை என்றுதான் பேச்சு போகும். சில நாள் அது சண்டையிலும் முடியும். பக்கத்தில் ஓடும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மனசில் இருப்பது தானாக வெளியே வருகிறது.

"கல்யாணத்துக்கு அப்புறம் வாத்தியார் வேலையை விட்டேன். மறுபடியும் போகணும்னு பதினஞ்சு வருஷமா ஆசை. ஒரு நாள் ரெண்டாவது சுத்துல சொல்லிட்டேன். மூணாவது சுத்து முழுக்க அவர் வாயே திறக்கலே. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. நாலாவது சுத்துல, 'எந்த ஸ்கூல்ல கேட்கலாம்?'னாரு."

இப்போது அவள் ஆசிரியையாக இருக்கிறாள்.

பேசிக்கொண்டே ஓடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மூச்சு இறைக்காமல் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிந்தால், புதிதாக ஓடுகிறவர்களுக்கு அதுவே சரியான வேகம். வார்த்தை துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முன்னால் ஓடிப் போன ஒருவரின் கதையைக் கேளுங்கள். 1967-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டம். பெண்களுக்கு அதில் அதிகாரபூர்வமான இடம் இல்லாத காலம். கேதரின் சுவிட்சர் என்ற மாணவி தம் பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் கொடுத்து எண் வாங்கி ஓடினார். வழியில் போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பறிக்கப் பார்த்தார். கூட ஓடிய காதலர் டாம் மில்லர் அவரை ஒரே இடியில் தள்ளிவிட்டார். இதுவரை சபாஷ்! ஆனால் சற்று நேரத்தில், உன்னால் எனக்கும் ஆபத்து என்று அவளையே கோபித்துக்கொண்டு அவர் முன்னால் ஓடிவிட்டார். பிற்பாடு களைத்துப்போய் நடந்தவரைச் சுவிட்சர் தாண்டிச் சென்று, பந்தயத்தை ஓடி முடித்தார். பாஸ்டனில் பெண்களுக்கு முறைப்படி அனுமதி கிடைத்தது 1972-ல்தான்.

"எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே, இருவரும் எப்படிச் சேர்ந்து கிளம்புவது?" என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கும் வழி உண்டு. மதுரையை அடுத்த சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி சிறு வயதில் பெற்றோரை இழந்து, பாட்டியின் வளர்ப்பில் ஆளானவர். ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடியவர். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கலப்புத் தொடர் ஓட்டம் ஓடினார். இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் ஒரே அணியில் ஆளுக்கு 400 மீட்டர் ஓடும் அந்தப் போட்டி, ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதல் தடவை. ஒருவர் ஓடி வந்து கோலைக் கொடுத்ததும் அடுத்தவர் ஓட வேண்டும். நீங்களும் அப்படிச் செய்யலாம். அவர் ஓடிவிட்டு வரட்டும். குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் கிளம்புங்கள். அதுவும் சேர்ந்து ஓடுவதுதான்.

ஆரம்பிக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள்: ஒரு நிமிஷம் ஓடி இரண்டு நிமிஷம் நடங்கள், போகப் போக ஓட்டத்தைக் கூட்டலாம். வேகமான நடையானால் வாரத்துக்கு 150 நிமிஷம், ஓட்டமானால் 75 நிமிஷம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. உடுப்பு எதுவானாலும் காலணி ஓடுவதற்கென்று செய்ததாக இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுங்கள். இருதயக் கோளாறோ முழங்கால் வலியோ இருந்தால், முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று இரவே உங்கள் வீட்டுக்காரரிடம், "நாளைக்குச் சேர்ந்து ஓடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "உன்னால் முடியுமா?" என்று அவர் சிரித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். "அதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது இந்தத் தேங்காயைத் துருவுங்கள்!" என்று சொல்லிவிடுங்கள்.