முகவரியில்லாப் பிரஜாவுரிமை

இந்தியாவிலிருந்து உயர்மட்டத் தலைவர்கள் கொழும்புக்கு வருகை தரும்போதெல்லாம் மலையக மக்களின் விவகாரமும் பேச்சுவார்த்தை மேசையின் ஏதோவொரு மூலையில் இடம்பிடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. 2017 மே மாதம் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட்டுக்கே நேரில் சென்று, ஏற்கெனவே நிர்மாணிக்கப்பட்டுவந்த 4 ஆயிரம் வீடுகளுக்கு மேலதிகமாக 10 ஆயிரம் வீடுகளை அறிவித்திருந்தார். அந்த உதவியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், இந்நாட்டின் பிரஜைகளான ஒரு மக்கள் பிரிவினருக்குக் கூரை அமைத்துக்கொடுப்பது இன்னமும் இரு அரசாங்கங்களுக்கிடையிலான விவகாரமாக இருப்பது ஏன் என்ற கேள்வி பெரிதாக எழுப்பப்படுவதில்லை.

இதற்கான விடையைச் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளிலேயே தேடவேண்டியிருக்கிறது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைக் கைப்பற்றியது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கைகொடுத்தன. இதைக் கண்டு கலக்கமடைந்த டி.எஸ். சேனநாயக்க அரசாங்கம், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் அம்மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து அவர்களின் பிரதிநிதி ஒருவர்கூடப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை. தமிழ்க் காங்கிரஸ் இதே விவகாரத்தில் பிளவுபட்டதும், எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தலைமையில் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோற்றம்பெற்றதும் வாசகர்கள் அறிந்ததே.

அம்மக்கள் இலங்கையின் பொறுப்பே என்பதில் நேரு இறுதிவரை பெருமளவுக்கு உறுதியாக இருந்தார். 1964 மே மாதம் அவர் மறைந்து ஐந்து மாதங்களில் அந்த நிலைப்பாடு தளர்ந்தது. 1962 இல் சீனாவுடனான யுத்தத்தில் பின்னடைவைச் சந்தித்திருந்த புதுடில்லிக்கு அயல்நாடுகளின் நல்லெண்ணம் அவசியமாகியிருந்தது என்பதே பல ஆய்வாளர்களின் கணிப்பாகும். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974 இல் சிறிமாவோ - இந்திரா உடன்பாட்டின் மூலம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. மனிதர்களை இவ்வாறு வகுத்துக் கழித்துச் செய்யப்பட்ட கணக்குக்கு இராஜதந்திர வெற்றி என்று பெயரிட்டவர்களும் இருந்தார்கள்!

தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட ரயிலுக்கு மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தனர். அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்கும் எனக் குடும்பங்கள் பிரிந்தன. நீலகிரியில் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள் அங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள். இங்கே தங்கிவிட்டவர்கள் 'இந்தியத் தமிழர்' ஆகவே இருந்தார்கள். எந்த மண்ணில் வாழ்ந்தாலும் மற்றைய நாட்டின் பெயரே ஒட்டிக்கொண்டது. 1977 முதல் 1983 வரையிலான வன்செயல்களுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தவர்கள் பின்னர் யுத்தத்தின் நடுவில் சிக்கிக்கொண்டனர். அவர்களில் பலருடைய காணிப் பிரச்சினை குறித்து வடக்கின் தமிழ்த் தலைமைகள் காட்டிவரும் அக்கறையும் போதுமானதல்ல என்பதை இங்கு கூறாமலிருக்க முடியாது.

1984 இல் கப்பல் சேவை நின்றதுடன் ஒப்பந்தத்தின் நடைமுறையும் நின்றுபோனது. 1986 இலும் 1988 இலும் கொண்டுவரப்பட்ட சட்டங்களையடுத்து, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. அதற்கான தகைமை, 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவராக அல்லது அவரது வழித்தோன்றலாக இருத்தல் என்பதாகும். விலங்கை அகற்றிய சட்டத்திலும் பழைய ஒப்பந்தத்தின் திகதியே பொறிக்கப்பட்டிருக்கிறது.

வாக்குச்சீட்டு திரும்பக் கிடைத்தது. வாக்களித்தவர் வாழும் நிலம் யாருடையது என்பதில் மாற்றமில்லை. 1970 களில் தேசியமயமாக்கப்பட்ட பெருந்தோட்டங்கள் 1992 இல் தனியார் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குச் சென்றன. பின்னர் அது நீண்டகாலக் குத்தகையாகியது. நிலம் அரசுக்கு, நிர்வாகம் கம்பனிக்கு, லயன் அறையில் தலைமுறைகளாக வாழ்பவருக்கு ஓர் உறுதிப்பத்திரமும் இல்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்கு 2018 இல் திருத்தப்படும் வரை தடையாகவே இருந்தது. தான் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையினால், தனது லயனுக்குச் செல்லும் பாதையில் ஒரு கூடை கல்லைக் கொட்டவும் முடியாதிருந்த பிரஜை உலகில் வேறெங்கும் இருந்திருப்பாரா என்பது சந்தேகமே.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியின்போது மலைச்சரிவுகள் மீண்டும் உயிர்களைக் காவுகொண்டன. அபாயகரமான இடத்தைவிட்டு வெளியேறுங்கள் என அறிவுறுத்துவது அதிகாரிகளுக்கு இலகுவானது. ஆனால், வெளியேறிச் செல்வதற்கு அங்குல நிலமும் சொந்தமில்லாதவர் எங்கே செல்வது? தோட்டத்துக்குச் சொந்தமான அறை சரிந்தால் வீட்டை இழந்தவர் என்று யாரைப் பதிவுசெய்வது? 2023 ஒக்டோபரில் தேசிய மக்கள் சக்தி வெளியிட்ட ஹட்டன் பிரகடனம் காணி, வீட்டுரிமை பற்றிப் பேசியது. அதை வெளியிட்டவர்கள் 2024 இல் ஆட்சிக்கு வந்தார்கள். நிலத்தின் உரிமையாளராகிய அரசே இதில் முடிவெடுக்க வேண்டும். அதற்குப் புதுடில்லியின் சம்மதமோ நிதியோ தேவையில்லை. வீட்டுடன் சேர்த்து ஏழு பேர்ச்சஸ் காணிக்கான உறுதியையும் வழங்குவது கொழும்பின் கையெழுத்து ஒன்றினால் ஆகக்கூடிய காரியம்.

இன்றும் தோட்டங்கள் பலவற்றில் லயன் அறைக்கெனத் தனியான இலக்கம் கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வந்துசேருகின்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, திகதி கடந்த பின்னர் கைக்குக் கிடைத்ததாக இளைஞர்கள் முறையிடுவதும் நின்றபாடில்லை.