நீர் வற்றும் வேளையில் ஒருமுறை வாருங்கள்

ஆற்று முகத்துவாரங்களைச் செவ்வையாக வைத்திருக்கும் பொறுப்பு எவருடைய கையெழுத்தில் அடங்கியிருக்கிறதோ அந்த மாண்புமிகு டத்தோ அவர்களின் சமூகத்துக்கு, மெர்சிங் மீன் இறங்குதுறையில் தௌக்கே என்று இங்கே சொல்லும் ஒரு சீன முதலாளியிடம் முப்பத்தோராண்டு காலம் கணக்கெழுதிப் பிழைத்த ஒரு முதியவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இதற்கு முன் தங்களுக்கு மூன்று விண்ணப்பங்கள் வந்தன. மூன்றையும் எழுதியவன் நானே. கடலுக்குப் போகிறவர்கள் மலாய்க்காரரும் சீனருமாக இருக்க, எழுதுகோல் பிடிக்கும் உத்தியோகம் மட்டும் எப்படியோ இந்தத் தமிழனின் தலையில் விழுந்துவிட்டது. நல்ல மலாயில், உரிய மரியாதைச் சொற்களோடு, படகுகள் வெளியே காத்துக் கிடந்த மணிக்கணக்கையும் இணைத்து அனுப்பினேன். கவனத்தில் கொள்ளப்பட்டது என்று மூன்று முறையும் ஒரே வாசகத்தில், தேதி மட்டும் மாறி, பதில் வந்தது. நாலாவது மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இதுதான்: தங்களுக்குத் தெரிந்த பாஷையில் எழுதியதால் விளைந்த பயன் இன்னதென்று பார்த்தாகிவிட்டது, தெரியாத பாஷையில் எழுதுவதால் அதற்குக் குறைவாக ஒன்றும் நேர்ந்துவிடப் போவதில்லை. தங்கள் கண்ணில் படாவிட்டாலும் நாலு தமிழர்களாவது படிக்கட்டும்.

எங்கள் ஊரின் வருஷம் இரண்டு துண்டுகளாலானது. நவம்பரில் வாடைக்காற்று கிளம்பித் தென்சீனக் கடல் வெள்ளை வெள்ளையாய்க் குமுறத் தொடங்கினால், பெரிய படகுகள் ஆற்றுக்குள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கட்டுண்டு கிடக்கும். சம்பான் என்னும் சிறுபடகு வைத்திருப்பவர்கள் கழிமுகத்துக்குள்ளேயே இறாலுக்கும் நண்டுக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கொடுவாய்க்கும் வலை போட்டு அடுப்பெரிப்பார்கள். மார்ச் மாதத்தில் காற்று தணிந்ததும் ஊரே கடலைப் பார்க்கத் திரும்பிவிடும். திங்கித் தீவு, பெமாங்கில், ஆவுர் என்று தொலைவு தொலைவாகப் போய், தெங்கிரி என்று இங்கே சொல்லும் வஞ்சிரத்துக்கும், இருட்டு இரவுகளில் விளக்கைத் தொங்கவிட்டுக் கணவாய்க்குமாக, எட்டு மாதத்தில் பன்னிரண்டு மாதச் சோற்றைத் தேடியாக வேண்டும். வாடையைப் பற்றி இவர்களில் ஒருவரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அது பாட்டனார் காலத்திலிருந்து வருகிற விருந்தாளி. அதன் வரவும் போக்கும் தெரியும். அதற்கு எதிராக விண்ணப்பம் எழுதித் தரும்படி யாரும் என்னிடம் வந்ததில்லை.

வந்தது மணலுக்காக. நாலு மாதம் ஓயாமல் மோதும் அலை கடற்கரை ஓரமாகவே மணலை உருட்டிக்கொண்டு வருகிறது. உள்நாட்டில் காடு திருத்தப்பட்ட மண்ணை மழைவெள்ளம் கரைத்து ஆற்று வழியாகக் கொண்டுவருகிறது. இரண்டும் சந்திக்கிற வாயிலில் வேகம் தணிந்து, சுமந்து வந்த பாரத்தை அங்கேயே இறக்கிவைத்துவிடுகின்றன. வாடை முடிந்து பார்த்தால் போன வருஷத்து வழி இந்த வருஷம் இராது. மீனவர்கள் கழிகளை நட்டுத் தாங்களே புதுவழி குறித்துக்கொள்வார்கள். இவ்வளவும் செய்தும், ஆயிர் சூருட் என்று மலாய்க்காரர் சொல்லும் நீர் வற்றத்தின்போது பாரமேற்றிய படகு உள்ளே வர முடியாது. நீர் ஏறும் வரையில், இறங்குதுறையின் விளக்குகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, வெளியே ஆடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 2024 ஜூனில் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தபோதும் மீனவருக்கு மட்டும் 1 ரிங்கிட் 65 சென்னுக்கே கொடுத்துவருகிற அரசாங்கத்தின் கருணையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்த மலிவான டீசலில் ஒரு பங்கை மீன் இல்லாத இடத்தில், மணல்திட்டுக்கு முன்னால் நின்று எரிப்பதற்கென்றே கொடுக்கிறார்களோ என்பதுதான் என் சந்தேகம்.

பனிக்கட்டி உருகிய கணக்கையும், விடியற்காலைச் சந்தை தப்பியதால் பாதி விலைக்குப் போன மீனின் கணக்கையும் முதல் இரண்டு விண்ணப்பங்களில் விஸ்தாரமாக எழுதியிருந்தேன். அவற்றை மறந்துவிடுங்கள். ஒரே ஒரு காலைப்பொழுதின் கணக்கைச் சொல்கிறேன்.

சென்ற தீபாவளிக்கு மறுநாள். அமாவாசையை ஒட்டிய நாளாதலால் நீர் ஏறினாலும் மிகுதி, வற்றினாலும் மிகுதி. பழக்கம் விடாமல் விடியுமுன்னே துறைக்குப் போயிருந்தேன். அன்று வரவேண்டிய ஒரு மலாய்ப் படகோட்டி, நாங்களெல்லாம் பாக் என்று அழைக்கிறவர், வருஷந்தோறும் என் வீட்டு முறுக்கை எதிர்பார்ப்பவர் என்பதால், கையில் ஒரு தகரடப்பாவும் இருந்தது. 4 மணி 40-க்குத் துறையில் ஒருவருடைய தொலைபேசி அடித்தது. படகில் வேலை செய்யும் பாக்கின் தங்கை மகன், இருபத்தாறு வயதுப் பையன், கயிறு இழுக்கும் உருளையில் வலக்கையைக் கொடுத்துவிட்டான். 5 மணி 10-க்குப் படகு முகத்துவாரத்துக்கு வெளியே வந்து நின்றது. அதன் விளக்கு தெரிந்தது. டத்தோ அவர்களே, அதற்கு மேல் 4 மணி 15 நிமிஷம் அது அங்கேயே நின்றது.

சின்னச் சம்பான்கள் போகக்கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். இரண்டு போயின. வாடையின் முதல் அலைகள் திட்டின்மேல் உடைந்துகொண்டிருந்த நேரம். ஒன்றின் இயந்திர விசிறி மணலில் மாட்டி முறிந்தது, மற்றொன்று கவிழ்ந்து, போனவர்களையே மீட்டுக் கொண்டுவரும்படியாயிற்று. விடிந்த பின் படகில் இருந்தவர்களின் உருவங்கள் கூடத் தெரிந்தன. பையனின் தாய் என் பக்கத்தில் நின்றாள். அழவில்லை, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று துறையின் படிக்கட்டையே எண்ணிக்கொண்டிருந்தாள். 9 மணி 25-க்குப் படகு உள்ளே வந்தது. கணக்கெழுதிய கையாதலால் நேரத்தைக் குறிக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. முறுக்கு டப்பாவைத் திறவாமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பையன் பிழைத்தான். கை மணிக்கட்டுக்கு மேலே போயிற்று. இப்போது வலைபின்னும் ஊசியை இடக்கையால் பிடிக்கப் பழகுகிறான். வலையை இழுத்துப் பிடித்துக்கொள்ள அவனுடைய தாய் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

இதைத்தான் மூன்றாவது விண்ணப்பமாக எழுதினேன். அதற்குப் பலன் இருந்தது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்: மார்ச் மாதத்தில் தங்கள் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்குழு ஒன்று வந்தது. நண்பகலில் வந்தது. பூரணமான நீர் ஏற்றத்தில் வந்தது. மிதவைச் சட்டை அணிந்து, படகேறி, முகத்துவாரம் வரையில் போய், அளவுகோலை விட்டுப் பார்த்து, படம் பிடித்துக்கொண்டு, திரும்பிவந்து, நல்ல கணவாய்ச் சம்பல் சாப்பிட்டது. மீன்பிடிக் கலங்கள் தடையின்றிச் செல்லப் போதுமான ஆழம் உள்ளது என்று சில வாரங்களில் எங்களுக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்கப்பட்டது. தியோமான் தீவுக்குப் போகும் படகுகளின் நேரம் நீர் ஏற்றத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும் என்பது சீட்டு வாங்க வரிசையில் நிற்கிற அந்நிய தேசத்துச் சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும். சுற்றுலாப் பயணிக்காக அட்டவணையையே வளைக்கிற ஆற்றில், ஆய்வுக்குழுவின் வருகைக்கு எந்த நேரம் உகந்தது என்று அந்த அட்டவணையைப் பார்த்தே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். படிக்கத் தெரியாதவர் செய்யும் பிழை அல்ல அது.

1941-இல், ஜப்பானியர் கடல் வழியாக மெர்சிங்கில் இறங்குவார்கள் என்று எதிர்பார்த்து ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் இந்தக் கடற்கரையில் முள்வேலியும் கண்ணிவெடியும் பரப்பிவைத்தார்கள். எதிரியோ 1942 ஜனவரியில் வடக்கே எண்டாவ் வழியாக வந்தான். கடலிலிருந்து யாரும் உள்ளே வராதபடி தடுக்க அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. சும்மா இருந்தாலே போதும் என்பதைத் தங்கள் அலுவலகம் கண்டுபிடிக்க இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

மணலை யார் வெல்ல முடியும் என்று தங்கள் உத்தியோகஸ்தர் ஒருவர் தத்துவம் பேசினாராம். தமிழ்நாட்டில் பழவேற்காட்டு முகத்துவாரம் வருஷந்தோறும் தூர்ந்து, மீனவர்கள் வருஷந்தோறும் கூக்குரலிட்டு, கடைசியில் இருபுறமும் கல்லணை கட்டும் வேலையைத் தொடங்க வைத்தார்கள். கேரளத்தில் முதலப்பொழி என்ற இடத்தில் கல்லணை கட்டியும், உள்ளே சேரும் மணலை ஒழுங்காக வாராமல் விட்டதனால், எத்தனையோ பேர் துறைமுகத்தின் வாசலிலேயே கவிழ்ந்து மாண்டார்கள். ஆகவே கல்லைக் கொட்டிப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வாடைக்குப் பிறகும் மணல் வாரும் கப்பல் ஒன்று வரவேண்டும், அடுத்த வருஷமும் வரவேண்டும், அதற்கடுத்த வருஷமும். திறப்புவிழா நடத்த முடியாத வேலை இது, அதனால்தான் யாருக்கும் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று தங்களுக்குக் கற்பிக்க நான் யார்? தங்கள் மேஜையில் சட்டமும் இருக்கிறது, வரைபடமும் இருக்கிறது, மூன்று விண்ணப்பங்களும் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: அந்தத் தாய் படிக்கட்டை எண்ணிக்கொண்டு நின்ற நேரத்தில் அந்த இடம் எப்படி இருக்கும் என்ற ஞானம். அதைக் கடிதத்தில் வைத்து அனுப்ப எனக்குத் தெரியவில்லை.

ஆகையால், வருகிற அமாவாசையை ஒட்டிய நாளொன்றில், நீர் முற்றிலும் வற்றுகிற வேளையில், தாங்களே வரவேண்டும். நேரத்தை நான் குறித்து அனுப்புகிறேன். மிதவைச் சட்டை வேண்டியதில்லை. படகும் வேண்டியதில்லை; திட்டின்மேல் நாம் இருவரும் நடந்தே போகலாம். காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொள்ளத் தோதானதாக உடுத்து வாருங்கள்.