சாத்தனூர் நீரும் மின்சாரக் கணக்கும்

கார்த்திகை மழையில் அண்ணாமலையின் பாறை இடுக்குகளிலிருந்து வெள்ளிக் கம்பிகளைப் போல நீர் இறங்குவதைக் கிரிவலப் பாதையில் நின்று பார்க்கிறவர்களில் யாராவது ஒருவர், இத்தனை ஜலமும் வீணாகத்தானே போகிறது, இதிலிருந்து மின்சாரம் எடுத்தால் ஊருக்கே விளக்கேற்றலாமே என்று சொல்லாமல் இருப்பதில்லை. நல்லெண்ணத்தில் பிறக்கும் அந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே விடை சொல்வதுதான் மரியாதை. மலையுச்சி கடல் மட்டத்துக்கு 2,668 அடி உயரம். ஊர் நிற்கும் தரையின் மட்டத்தைக் கழித்துவிட்டால் நமக்கு மிஞ்சும் உயரம் ஏறத்தாழ 600 மீட்டர். தெருவில் குடிநீர் கொண்டு வருகிற 12,000 லிட்டர் லாரி ஒன்றை எப்படியோ உச்சிக்குக் கொண்டுபோய், அதன் நீர் முழுவதையும் குழாய் வழியே அடிவாரத்து யந்திரத்தில் விழச் செய்தாலும், உராய்விலும் சுழற்சியிலும் போகும் நஷ்டம் நீங்கக் கைக்கு வருவது சுமார் 16 யூனிட். அரசாங்கம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தருகிற 100 யூனிட்டில் இது ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

உயரம் அண்ணாமலையிடம் தாராளமாக இருக்கிறது, ஆனால் நாள்தோறும் ஓடும் நீர் இல்லை. மழை விட்ட சில மணி நேரத்தில் வற்றிவிடும் ஓடைகளை நம்பி அந்தச் சரிவில் குட்டை வெட்டவும் குழாய் பதிக்கவும் யாரும் எண்ணவே கூடாது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி அதே மலையின் அடிவாரத்தில் மண் சரிந்து ஏழு உயிர்கள் மடிந்ததை இந்த ஊர் மறக்கவில்லை.

நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நீர்மின்சாரத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடம் சாத்தனூர். கர்நாடகத்து நந்தி மலையில் தோன்றிக் கிருஷ்ணகிரி அணையைக் கடந்து வரும் தென்பெண்ணையை மறித்து, செங்கத்துக்குத் தெற்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழு நீர்மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. முதலைப் பண்ணையையும் பூங்காவையும் பார்க்கப் போகிற குடும்பங்களில் அநேகர், அணையின் காலடியில் 7.5 மெகாவாட் யந்திரம் ஒன்று 1999 முதல் இருக்கிறது என்பதை அறியாமலே திரும்பிவிடுகிறார்கள்.

அந்த யந்திரத்தின் கணக்கு பள்ளிப் பிள்ளையும் போடக்கூடியது. விநாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் வருகிறதோ அதை, அது விழும் உயரத்தின் மீட்டர் கணக்கால் பெருக்கி, மறுபடியும் 9.81ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். நூற்றுக்குப் பதினைந்து பங்கை நஷ்டமென்று ஒதுக்கிவிட வேண்டும். அணை நிறைந்திருக்கையில் பயன்படும் உயரம் 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 7,500 கிலோவாட்டுக்கு விநாடிக்கு 30 கன மீட்டர், நம் வழக்கில் சொன்னால் ஆயிரம் கன அடிக்குச் சற்று மேற்பட்ட நீர், இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். நீர் இறங்க இறங்க உயரமும் குறைவதால், அதே கன அடிக்குக் கிடைக்கிற மின்சாரமும் நாளுக்கு நாள் சுருங்கும். இந்தக் குறைவைக் கருதி உயரத்தைச் சராசரியாக 20 மீட்டர் என்று கொண்டு, அணையின் நீர் முழுவதையும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் யந்திரத்தில் விட்டாலும் கிடைப்பது ஏறத்தாழ 96 லட்சம் யூனிட்; முழுச் சக்தியில் நாளொன்றுக்கு 1,80,000 யூனிட் வீதம் ஓட்டினால் ஐம்பத்து மூன்று நாளில் அணை வெறும் தரையாகிவிடும். ஆண்டுக்கு 365 நாளும் 7.5 மெகாவாட் வருகிறதென்று நினைத்துக்கொள்வது, வீட்டில் பெரிய குதிர் இருக்கிறது என்பதற்காக ஆண்டு முழுவதும் நெல் இருக்கும் என்று நினைப்பதற்குச் சமம்.

வெள்ளம் வந்தால் வேண்டிய மட்டும் கிடைக்குமே என்பார்கள். 2024 டிசம்பர் 2ஆம் தேதி விடியுமுன், ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையால் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் பட்ட துயரத்தை நாம் கண்டோம். அத்தனை பெரிய பிரவாகத்தில் யந்திரம் ஏற்றுக்கொள்ளக்கூடியது ஏறக்குறைய நூற்றறுபதில் ஒரு பங்கே. வெள்ளத்துக்கு ஏற்ற யந்திரத்தை வைத்தால் வருஷத்தில் மூன்று நாள் ஓடிவிட்டு மீதி நாளெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கும். ஆகையால்தான் சிறு நீர்மின் நிலையத்தைத் திட்டமிடுகிறவர்கள், ஆண்டில் எத்தனை நாள் எவ்வளவு கன அடி வருகிறது என்று பல வருஷத்துப் பதிவைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அடுக்கிப் பார்த்த பிறகே யந்திரத்தின் அளவைத் தீர்மானிக்கிறார்கள்.

மேலும் சாத்தனூர் நீர் முதலில் பயிருக்குச் சொந்தமானது. நாற்று நட்டவன் வாய்க்காலைப் பார்த்துக் காத்திருக்கையில், மின்சாரத்துக்காக நீரைத் தேக்கி வைக்கவோ, வேண்டாத காலத்தில் திறந்துவிடவோ யாருக்கும் உரிமை கிடையாது; பாசனத்துக்குப் போகிற வழியில் நீர் யந்திரத்தைச் சுற்றிவிட்டுப் போகட்டும் என்பதே நியாயமான ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே செய்யத்தக்க காரியம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முனைந்தேன்.

சூரிய மின்சாரம் பெருகிய பிறகு தமிழ்நாட்டில் பகலில் மின்சாரத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடில்லை. விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து இரவு பத்து மணி வரைதான் மின்வாரியத்துக்கு நெருக்கடி. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 100 மெகாவாட் யந்திரங்கள் நான்கு, மிகுந்திருக்கும் மின்சாரத்தால் நீரை மேலேற்றி, தேவைப்படும் நேரத்தில் கீழிறக்குகின்றன; ஏற்றும்போது செலவாகும் மின்சாரத்தில் ஒரு பகுதி திரும்பி வருவதில்லை. சாத்தனூரில் ஏற்ற வேண்டிய செலவே இல்லை, மதகை மூடி வைப்பதே சேமிப்பு. வாய்க்காலுக்கு நாள் முழுவதும் விநாடிக்கு ஏழரை கன மீட்டர் வேண்டுமென்றால், அதே நீரை மாலையில் ஆறு மணி நேரத்தில் முப்பது முப்பதாக யந்திரத்தில் விட்டு, கீழே ஒரு தேக்கத்தில் பிடித்து, அங்கிருந்து வாய்க்காலுக்கு ஒரே சீராக அனுப்பலாம். அதற்கு வேண்டிய தேக்கம் ஏறத்தாழ 17 மில்லியன் கன அடி, அணையின் கொள்ளளவில் நானூறில் ஒரு பங்கு. அணைக்குக் கீழே ஆற்றில், வாய்க்கால்களுக்கு நீரைத் திருப்பிவிடும் பிக்கப் அணைக்கட்டு ஏற்கனவே இருக்கிறது. அது இன்று எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு மணல் மேடிட்டிருக்கிறது, சுவரை எத்தனை அடி உயர்த்தினால் போதும் என்று நீர்வளத்துறையும் மின்வாரியமும் சேர்ந்து ஒரு கோடைக்குள் அளந்துவிடலாம். ஆயக்கட்டு விவசாயிகளைக் கூட்டி, வாய்க்காலில் ஒரு அங்குலமும் குறையாது என்பதைக் காட்டிய பிறகே அதில் கை வைக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். சாத்தனூரின் நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி என்று மழைக்காலத்தில் தினந்தோறும் பத்திரிகைகளில் படிக்கிறோம். அந்த மூன்று எண்களுக்குப் பக்கத்தில், நேற்று உற்பத்தியான யூனிட் இவ்வளவு என்று நான்காவது எண் ஒன்றையும் அதிகாரிகள் சேர்த்துத் தர வேண்டும். செங்கத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கும் பிள்ளை, வெளியேற்றத்தை உயரத்தால் பெருக்கி, வர வேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு என்று தானே சரிபார்த்துக்கொள்ளும்.