மூச்சுக் கருவிக்கு அருகில் ஒரு செவிலியர்

கொரோனா பரவிய முதல் ஆண்டில் ஒவ்வொரு நாடும் தன் ஆயத்தத்தை வென்டிலேட்டர்களின் எண்ணிக்கையால் அளந்தது. இந்தியாவிலும் 2020 மே மாதம் பிஎம் கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்களுக்காக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆனால், வைரஸ் தாக்கி நுரையீரல் வீங்கிய ஒருவரின் கதி பெரும்பாலும் அந்தக் கருவிக்கு முந்தைய கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. சாதாரண ஆக்சிஜன் போதவில்லை. தொண்டை வழியாகக் குழாய் செலுத்தும் நிலையும் இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில் கைகொடுப்பவை இரண்டு. முகத்தோடு இறுகப் பொருந்தும் மாஸ்க் வழியாக அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி, நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது சிபாப். சூடும் ஈரமும் ஏற்றிய ஆக்சிஜனை நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை மூக்கு வழியாகக் கொடுப்பது உயர் ஓட்ட ஆக்சிஜன். இரண்டிலும் நோயாளி மயக்கத்தில் ஆழ்த்தப்படுவதில்லை. விழித்திருக்கிறார், பேசுகிறார், தனக்கு என்ன செய்கிறது என்று சொல்ல முடிகிறது. அடுத்த கொள்ளைநோய்க்கு நம் அரசு மருத்துவமனைகள் இந்த இடைக்கட்டத்தைத்தான் முதலில் பலப்படுத்த வேண்டும். அதைப் பலப்படுத்துவது என்றால் கருவி வாங்குவதற்கு முன் செவிலியரை நியமிப்பது என்பது என் வாதம்.

பிரிட்டனில் கொரோனா நோயாளிகள் 1,273 பேரிடம் நடந்த ரெகவரி-ஆர்எஸ் ஆய்வின் முடிவுகள் 2022 ஜனவரியில் வெளியாயின. சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 44.4 சதவீதத்தினர் 30 நாட்களுக்குள் குழாய் செலுத்தப்பட்டனர் அல்லது இறந்தனர். சிபாப் பெற்றவர்களில் அது 36.3 சதவீதம். மூக்கு வழி உயர் ஓட்ட ஆக்சிஜன் அந்த ஆய்வில் பலன் காட்டவில்லை. கொலம்பியாவில் 220 பேரிடம் நடந்த ஆய்விலோ, குழாய் செலுத்தும் தேவையை அது கணிசமாகக் குறைத்தது. சிபாப்பால் இறப்பு தெளிவாகக் குறைந்ததா என்றால், இல்லை. குறைந்தது குழாய் செலுத்தும் தேவைதான். இதைச் சிறிய பலன் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. குழாய் செலுத்தப்பட்டவர் நாள்கணக்கில் மயக்க மருந்தில் கிடக்கிறார், தசைகள் தளர்கின்றன, குழாய் வழியே புதிய கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. ஒருவர் இதிலிருந்து தப்பினால், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கை இன்னொருவருக்குக் கிடைக்கிறது. படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் வரிசைகட்டி நின்ற 2021 மே மாதத்தைக் கண்ட நமக்கு இது சிறிய பலனாகத் தெரியக் கூடாது.

அதே பிரிட்டன் ஆய்வில், பாதகமான விளைவுகள் சிபாப் பிரிவில்தான் அதிகம் பதிவாயின. மாஸ்க்கைப் பூட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது என்பதற்கு அதுவே சான்று. இன்னும் வலுவான சான்று குழந்தைகளின் நிமோனியா சிகிச்சையிலிருந்து வருகிறது. அங்கே நோயாளிகளும் நோய்க்காரணங்களும் வேறு என்றாலும் உத்தி ஒன்றுதான். டாக்காவில் மருத்துவர் முகம்மது ஜோபாயர் சிஸ்டி, ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூச்சை வெளிவிடும் குழாயை அதற்குள் அமிழ்த்தி, மிகக் குறைந்த செலவில் அழுத்தம் உண்டாக்கினார். 2015-இல் வெளியான அவருடைய ஆய்வில், அந்த முறையில் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 4 சதவீதம் இறந்தனர். சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 15 சதவீதம். இதே உத்தியை ஆப்பிரிக்காவின் மலாவியில், மருத்துவர் நாள்தோறும் வந்து பார்க்கும் ஏற்பாடு இல்லாத மாவட்ட மருத்துவமனையில் சோதித்தார்கள். 2019-இல் வந்த முடிவு தலைகீழாக இருந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்ற குழந்தைகளில் 11 சதவீதம் இறந்தனர். அழுத்தக் காற்றுப் பெற்றவர்களில் 17 சதவீதம். மலாவிக் குழந்தைகளில் ஊட்டச்சத்துக் குறைவும் எச்ஐவி தொற்றும் கொண்டோர் பலர் இருந்தனர். வேறுபாடு முழுவதையும் கவனிப்பின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் டாக்காவில் மருத்துவரும் செவிலியரும் எப்போதும் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை ஒதுக்கிவிட்டு இந்த இரு முடிவுகளையும் விளங்கிக்கொள்ள முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் சிகிச்சை முறைக்கு எதிரான மிகக் கடுமையான ஆட்சேபம் தாமதம் பற்றியது. மாஸ்க் தரும் தற்காலிகத் தெம்பை நம்பிக் குழாய் செலுத்துவதைத் தள்ளிப்போட்டால், நோயாளி திணறித் திணறி இழுக்கும் மூச்சே நுரையீரலை மேலும் சிதைத்துவிடக்கூடும். இது உண்மையான அபாயம். ஆனால் இதற்கான விடையும் அருகிலிருக்கும் மனிதர்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு, கொடுக்கும் ஆக்சிஜனின் விகிதம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு ஆகிய மூன்றையும் கொண்டு கணக்கிடும் ராக்ஸ் குறியீடு, உயர் ஓட்ட ஆக்சிஜன் யாருக்குப் பலன் தராமல் போகும் என்பதை முன்கூட்டியே உணர்த்துகிறது. அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. மூச்சை எண்ணிக் குறிக்கவும், எண் சரிந்தால் உடனே மருத்துவரை அழைக்கவும் ஓர் ஆள் தேவை. மருத்துவப் பணியாளர்களுக்குத் தொற்று பரவும் என்ற அச்சம் 2020-இல் நியாயமானதாக இருந்தது. பின்னர் பிரிட்டனில் அளந்து பார்த்தபோது, சிபாப்பைவிட வெறும் இருமலே அதிக நுண்துளிகளை வெளியேற்றுவது தெரிந்தது. ஆக்சிஜன் செலவு பற்றிய ஆட்சேபத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. நிமிடத்துக்கு 60 லிட்டர் தூய ஆக்சிஜன் போனால், 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே குழாய்வழி ஆக்சிஜன் விநியோகம் உறுதியாக இல்லாத மருத்துவமனையில் உயர் ஓட்டக் கருவிகளை அடுக்குவது தவறு.

செவிலியர்களுக்கு நிரந்தரச் சம்பளம் கொடுக்க நிதி ஏது, தொற்று வரும்போது சேர்த்துக்கொள்ளலாமே என்று நிதித்துறை கேட்கும். மாஸ்க்கில் எங்கே காற்றுக் கசிகிறது, மூக்கின் மேல்தோல் எப்போது புண்ணாகத் தொடங்குகிறது, அமைதியாகிவிட்ட நோயாளி தேறிவிட்டாரா களைத்துவிட்டாரா என்று பிரித்தறியும் கண் இரண்டு நாள் பயிற்சியில் வராது. கொரோனா காலத்தில் தமிழ்நாடு அரசு ஒப்பந்த அடிப்படையில் சேர்த்த செவிலியர்களுக்கு அந்தக் கண் வாய்த்திருந்தது. அவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. மாற்றுப் பணி தரப்படும் என்று அரசு பிறகு அறிவித்தது. அதுவும் தற்காலிகப் பணியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் சுவாச உதவிக்கென ஒரு பிரிவு அமைத்து, இரவு உட்பட எல்லா நேரமும் இரண்டு அல்லது மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்று நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கி, அவற்றில் இந்த அனுபவம் பெற்றவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். தொற்று இல்லாத ஆண்டுகளிலும் அந்தப் பிரிவு சும்மா இருக்காது; நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளும், மழைக்காலத்து இன்ஃப்ளூயன்சா நிமோனியாவில் மூச்சுத் திணறி வருபவர்களும் அங்கேதான் வருவார்கள்.