முத்திரை சொல்லாத பாதி

2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிங்ஸ்டன், சான்டிஸ்க், வெர்பாட்டிம் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் ஒரே சங்கடம். அவற்றின் சில பென் டிரைவ்கள் அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் 140-2 சான்றிதழ் பெற்றவை. தகவலைப் பூட்டியிருந்தது 256 பிட் ஏஇஎஸ் குறியாக்கம். அதை உடைக்க ஜெர்மனியின் எஸ்.ஒய்.எஸ்.எஸ். நிறுவன ஆய்வாளர்கள் முயலவே இல்லை. கடவுச்சொல் சரியா என்று பார்க்கும் வேலை டிரைவுக்குள் நடக்கவில்லை. கணினியில் ஓடிய மென்பொருள்தான் அதைச் செய்தது. சரியென்று தெரிந்ததும், கடவுச்சொல் எதுவாக இருந்தாலும், டிரைவுக்கு ஒரே சங்கேதத்தையே அனுப்பியது. அதை நேரடியாக அனுப்ப ஒரு சிறு நிரல் எழுதினார்கள். டிரைவ் திறந்துகொண்டது.

திண்டுக்கல் பூட்டைப் போட்டுவிட்டு, சாவியை நிலைப்படியில் வைத்துப் போன கதை.

சான்றிதழ் பொய்யா என்றால், இல்லை. சோதனைக்கு வந்தது குறியாக்கப் பகுதி. கணினி மென்பொருள் அந்த எல்லைக்கு வெளியே நின்றது. 1995-இல் விண்டோஸ் என்டி 3.5 அமெரிக்க அரசின் சி2 தரத்தைப் பெற்றதும், நெட்வொர்க்கோடு இணைக்காத தனிக் கணினியாகச் சோதிக்கப்பட்டுத்தான்!

உலகம் இன்று பரவலாக ஏற்கும் ‘காமன் கிரைட்டீரியா’ பாதுகாப்புச் சோதனை முறையிலும் இந்த எல்லைக்கோடு உண்டு. எதைச் சோதிக்க வேண்டும் என்ற ஆவணத்தைப் பெரும்பாலும் தயாரிப்பாளரே எழுதுகிறார். ஆய்வகத்துக்குப் பணமும் அவரே கட்டுகிறார். அதில் 1 முதல் 7 வரை உள்ள படிகள், சோதனை எவ்வளவு ஆழமாக நடந்தது என்பதைச் சொல்பவை. பொருளின் வலிமைக்கான மதிப்பெண் என்று அவற்றை வாசிப்பது தவறு. டெண்டர்களில் நடப்பது அந்த வாசிப்புதான்.

ஆழமான சோதனையும் கைவிட்டதுண்டு. இன்ஃபினியான் நிறுவனத்தின் சிப்புகள் உயர் படிச் சான்றிதழ்கள் பெற்றவை. அவை ஆர்எஸ்ஏ சாவிகளுக்குப் பகா எண்களை உருவாக்கும் விதத்தில் சாவியைக் கண்டுபிடிக்க வழிவிடும் ஓர் ஒழுங்கு ஒளிந்திருந்ததை, செக் குடியரசின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் கண்டுபிடித்தார்கள். அந்தச் சிப்பு, சுமார் 13 லட்சம் மக்கள் வாழும் எஸ்டோனியாவில் ஏறத்தாழ 7.5 லட்சம் அடையாள அட்டைகளில் இருந்தது. நவம்பர் தொடக்கத்தில், புதுப்பிக்காத அட்டைகளின் மின்சான்றுகளை அரசு முடக்கியது. புதுப்பிக்க மக்கள் வரிசையில் நின்றார்கள்.

இந்தியாவில் இணையத்தோடு இணையும் சிசிடிவி கேமராக்களுக்கு அரசு பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கி, 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வரவேற்க வேண்டிய விதி. தெருமுனைக் கேமராக்களை யார் யார் எட்டிப்பார்க்கிறார்கள் என்று கேட்காமலே பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறோம்.

ஆனால் குக்கரின் ஐஎஸ்ஐ முத்திரை போல இந்தச் சோதனையை எண்ணிவிடக் கூடாது. குக்கர் வாங்கிய நாளில் இருந்தபடியேதான் இருக்கும். கேமராவின் மென்பொருளோ ஒவ்வொரு அப்டேட்டிலும் மாறும். இணையத்தோடு இணையும் கருவிகளுக்குச் சிங்கப்பூர் தரும் நட்சத்திரப் பாதுகாப்பு லேபிள், தயாரிப்பாளர் பாதுகாப்பு அப்டேட் தரும் காலம்வரை, அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கே செல்லும். இங்கும் கேமராப் பெட்டியின் மீதே மூன்று வரிகள் அச்சாக வேண்டும்: எந்த மென்பொருள் பதிப்பு சோதிக்கப்பட்டது, எதெல்லாம் சோதிக்கப்படவில்லை, அப்டேட் எந்த மாதம்வரை வரும். அந்தக் கேமராவோடு சேரும் மொபைல் செயலியும் கிளவுட் சேமிப்பும் இரண்டாவது வரியில் வந்தால், வாங்குபவர் கடைக்காரரிடம் இன்னும் நாலு கேள்வி கேட்பார்.