சொத்து அவன் பேரில், கடன் அவள் பேரில்

“வூடு அது பேர்ல, ஆட்டோ அது பேர்ல. எம் பேர்ல இன்னாண்ணா கீது? கடன்தான் கீது.”

வங்கிக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டவர் எங்கள் அத்திப்பட்டுப் பெண். கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு ரயிலேறிப் போய் வருகிறவர். புருஷன் பிரிந்துபோய் எட்டு மாதமாகிறது. ஆட்டோவுக்கு முன்பணம் குழு லோனில் வந்தது. வீட்டுக்குத் தளம் போட்டது இவர் நகையை அடகு வைத்து. வீடு இருப்பது புறம்போக்கில், பட்டா கிடையாது. ஆனால் வரி ரசீதும் கரண்ட் கனெக்‌ஷனும் அவன் பேரில். பஞ்சாயத்து நடந்தது. பேசியவர்களில் நம் தோழர்களும் இருந்தார்கள். பீரோ, கட்டில், பாத்திரம் இவருக்கு என்று முடித்தார்கள். தவணையை யார் கட்டுவது? ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

சட்டத்தைப் புரட்டினால் அதுவும் பீரோ கட்டிலோடுதான் நிற்கிறது. 1955 இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கல்யாணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருளைப் பற்றித்தான் பேசுகிறது. அதற்குப் பிறகு இருவரும் உழைத்துச் சேர்த்தது? ஜீவனாம்சம் கேட்கலாம். ஜீவனாம்சம் வேறு, பங்கு வேறு. ஒன்று கொடுப்பது, மற்றது உரியது.

2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இதைத் தொட்டார். கணவன் சவூதியில் சம்பாதித்தான், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்றார். வீட்டு வேலையை ஏற்கச் சட்டம் இல்லைதான், ஆனால் ஏற்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்றார். நல்ல தீர்ப்பு. ஆனால் அங்கே பிரிக்கச் சொத்து இருந்தது. நம் தெருவில் பிரிக்க இருப்பது பெரும்பாலும் கடன்.

சம பங்கு என்றதும் ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம்’ என்பவர்கள் உண்டு. யாழ்ப்பாணத் தேசவழமையில் ‘தேடிய தேட்டம்’ என்றே சொல் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பின் தேடியது. யார் பேரில் இருந்தாலும் இருவருக்கும் சம உரிமை என்று 1911 சட்டம் எழுதியது. (1947இல் திருத்திக் குறுக்கினார்கள்.) அதற்காகத் தேசவழமையைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். டச்சுக்காரர் காலத்தில் தொகுத்த அதே ஏட்டில்தான் பள்ளரும் நளவரும் அடிமைகள் என்றும் எழுதியிருக்கிறது. ஆண்டைக்குப் பொண்டாட்டியோடு பங்கு பிரிக்கத் தெரிந்திருக்கிறது. நமக்கு ஏன் தெரியவில்லை?

இந்து சட்ட மசோதாவைக் கிடப்பில் போட்டார்கள் என்று அம்பேத்கர் 1951இல் மந்திரி பதவியை உதறினார். ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுப் பத்திரம் என் பேரில் மட்டுமே இருக்கிறது. என் மனைவி சம்பளத்திலிருந்தும் அதற்குத் தவணை போகிறது. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது.

தோழர்களே, அடுத்த பஞ்சாயத்தில் பீரோவைப் பற்றிப் பேசுமுன் குழு லோன் பாஸ்புக்கையும் நகைக்கடன் சீட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். ஆட்டோ யாரிடம் போகிறதோ அதன் தவணையும் அவனிடம் போகட்டும். வரி ரசீதில் அவள் பெயரும் ஏறட்டும். அந்தப் பெண் மாதாமாதம் கவுண்டருக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். இன்னும் பதினான்கு தவணை பாக்கி.