கடைக்காரர் கொடுத்த வெல்லத்துண்டு



மாரண்டஹள்ளிப் பக்கம் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு மளிகை வாங்கப் போன நாள் எப்படியாவது பேச்சில் வந்துவிடும். மானாவாரிச் சீமை அது. ராகி, கொள்ளு, அவரை எல்லாம் சொந்தக் காட்டிலேயே விளையும். வெளியே வாங்க வேண்டியவை உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, விசேஷம் வந்தால் துணி. அதற்காக வண்டி கட்டி, விற்பதற்கான புளி மூட்டையை ஏற்றி, அதன்மேல் பிள்ளையை உட்காரவைத்துக் கிளம்புவார்கள்.

கடைக்குள் சாக்குகளின் வாயைச் சுருட்டி விட்டிருப்பார்கள். மல்லி, காய்ந்த மிளகாய், வெல்லம், மண்ணெண்ணெய் எல்லாம் சேர்ந்த ஒரே வாசனை. கடைக்காரர் ஒருவரிடம் தமிழில் கணக்குச் சொல்வார், அடுத்தவரிடம் கன்னடத்தில், அதற்கடுத்தவரிடம் தெலுங்கில். ஓசூரும் கர்நாடக எல்லையும் எட்டும் தூரத்தில் இருக்கிற ஊரில் வியாபாரம் அப்படித்தான் நடக்கும். பேச்சோடு பேச்சாகப் பொட்டலம் மடித்து நூல் சுற்றிவிடும் அந்தக் கையைப் பிள்ளை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும். கடைசியில், "யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்டு, கொசுறாக ஒரு வெல்லத்துண்டு.

இதே காட்சி கடல் கடந்த ஒரு கதையிலும் வருகிறது. அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர், 1867ல் விஸ்கான்சின் காட்டுப் பகுதியில் பிறந்தவர். தன் குழந்தைப் பருவத்தை வைத்து அவர் எழுதிய முதல் நாவல் 1932ல் வந்தது. அதிலும் ஒரு குடும்பம் வண்டி பூட்டி 7 மைல் தள்ளியிருக்கும் பெப்பின் ஊர்க் கடைக்குப் போகிறது. அங்கேயும் கடைக்காரர் அக்காவுக்கும் தங்கைக்கும் ஆளுக்கொரு மிட்டாய் தருகிறார். ஏரிக்கரையில் பொறுக்கிய கூழாங்கற்களின் கனம் தாங்காமல் சின்னவளின் கவுன் பை கிழிந்துபோகிறது. படித்தபோது இவள் நம்மூர்ப் பிள்ளைதானே என்று தோன்றியது.

நம்மூர்க் கடைக்குச் சரக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906ல் வந்த குறும்பாதை ரயில், 1913ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். இன்று சேலம்–பெங்களூரு ரயில் பாதையில் மாரண்டஹள்ளிக்கும் ஒரு நிலையம் இருக்கிறது.

ஆனால் அந்த வெல்லத்துண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல் கடையின் வாசனையை மட்டும் எழுதிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் தலித் குடும்பங்கள் கடைக்கு வெளியே நின்றுதான் சாமான் வாங்க வேண்டியிருந்தது. காசைக் கீழே வைக்கச் சொன்னார்கள். பொட்டலம் எட்ட நின்று போடப்பட்டது. அப்பா கைகட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை, உலகம் இப்படித்தான் என்று அன்றைக்கே படித்துக்கொண்டது. 1950ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாத பொது இடங்களை வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் முதலில் வருவது கடைதான். ஓட்டலும் கிணறும் குளமும் அதற்குப் பிறகு. எழுதியவர்களுக்குக் கடைவாசல் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்திருக்கிறது. அப்படியும் சில ஊர்களில் சட்டம் வாசல்படி ஏற வெகுகாலம் ஆனது.

உங்கள் வீட்டு ஆயாவிடமும் தாத்தாவிடமும் முதன்முதலில் கடைக்குப் போன நாளைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். என்ன வாங்கினார்கள், பணமா தானியமா கொடுத்தார்கள், எந்த இடத்தில் நின்றார்கள், கடைக்காரர் என்ன பேசினார் என்பதெல்லாம் வேண்டும். அரைப் பக்கம் இருந்தாலும் போதும், எழுத்துப்பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வெளியே நின்றவர்களின் கடிதங்களை முதலில் அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்